மொதல்ல தேதி

தெருமுனையில் யாரோ "வந்திருச்சு!" என்று கத்துகிறார்கள். கரண்ட் வந்துவிட்டது. ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஒருத்தி தண்ணீர் மோட்டார் போட, ஒருத்தி சட்டைக்கு இஸ்திரி போட, ஒருத்தன் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏற்ற. நொராய்தா ஓடுவதில்லை. ஊர்க் கம்ப்யூட்டர் கூடத்தில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துகிறாள். இடது மணிக்கட்டைத் திருப்பி, சாவி கொடுக்கிற பழைய ரஷ்யக் கடிகாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறாள். திரையில் 2009 ஜனவரி ஒன்று என்று வருகிறது. "எழுந்திருச்சீங்களா ஐயா? இன்னைக்குத் திங்கக்கிழமை" என்று சொல்லிவிட்டு, வருஷம், மாசம், நாள், மணி, நிமிஷம் என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் பித்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோதும் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்வது அதன் வேலை. அது செத்து நாலு வருஷமாகிறது. எங்கள் ஊரான கமஹுவானியில் இன்னொன்று கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒருமுறை யாருடைய ஒன்றுவிட்ட தம்பியோ சாந்தியாகோ பட்டணத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். அது வரும்போதே சாகக் கிடந்திருக்கும் போல, மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு மின்தடைக்கும் கம்ப்யூட்டர் பிறந்த நாளுக்குத் திரும்பிப் போகிறது, ஒவ்வொரு முறையும் நொராய்தா அதைக் கையைப் பிடித்து இந்த வருஷத்துக்குக் கூட்டிவருகிறாள். இணையத்தைக் கேட்டு அதுவே தெரிந்துகொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு: கூடத்துக்கு இணையம் செவ்வாய்க்கிழமை மட்டும், அதுவும் மனசு வைத்தால்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. குள்ளம். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்காருவாள். பத்தொன்பது வருஷம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஊர்க் கம்ப்யூட்டர் கூடத்துக்கு மாற்றினார்கள். ஜன்னல் போய்விட்டது, ஜன்னல் பழக்கம் போகவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கும்போது, எதிரே வரிசை நிற்பது போல "அடுத்தவர்!" என்பாள். பிழைச் செய்தி வந்தால் திட்டமாட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "உங்ககிட்ட எந்தக் காகிதம் இல்ல, அதைச் சொல்லுங்க" என்பாள், வெகு மரியாதையாக. ரேஷனில் வருகிற, பட்டாணி கலந்து அரைத்த காப்பியை மருந்து பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பாள். கேட்டால், அளவு தெரியும் என்பாள். நொடிக்கு நொடி டிக் டிக் என்று அடித்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணி சொல்லும் ரேடியோ நிலையத்தைப் பேட்டரி ரேடியோவில் வைத்துக்கொண்டு, தினமும் மத்தியானம் கடிகாரத்தைச் சரிபார்ப்பாள். இந்த ஊரில் சரியான நேரத்துக்கு எதுவும் நடப்பதில்லை. ஆனால் சரியான நேரம் என்ன என்பது ஒரே ஒருத்திக்கு எப்போதும் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் அர்செனியோ அவளைத் தேடி வந்தான். சுருட்டுப் பட்டறையில் வாசிப்பவன். எண்பது பேர் குனிந்த தலை நிமிராமல் இலை சுருட்டிக்கொண்டிருக்க, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து காலையில் பத்திரிகையும் மத்தியானத்துக்கு மேல் நாவலும் உரக்க வாசிப்பது அவன் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரலில்தான் பட்டறை அழுதிருக்கிறது, சிரித்திருக்கிறது. வில்லன் வாய் திறந்தால் கிழவிகள் சபிப்பார்கள். இப்போது அவனுக்கு இரண்டு கண்ணிலும் நீரழுத்த நோய். ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு மாதமாக முதல் நாள் மனைவி வாசிக்கக் கேட்டு, மனப்பாடம் செய்து, புத்தகத்தைச் சும்மா விரித்துவைத்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறான். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை முன்வரிசைக்காரி பார்த்துவிட்டாள்.

வாசிப்பவரை நிர்வாகம் வைப்பதில்லை. சுருட்டுகிறவர்கள்தான் ஓட்டுப் போட்டு வைப்பார்கள். மறுபடி ஓட்டு என்று முடிவாகியிருந்தது. போட்டிக்கு இன்னொருத்தி, நல்ல குரல், நல்ல கண்.

அர்செனியோவும் நொராய்தாவும் ஒரே பள்ளிக்கூடம், ஆனால் அவன் தவளைத் தெரு, அவள் ஆட்டுத் தெரு. மார்ச் மாதத் திருவிழாவில் இரண்டு தெருவும் ரதம் கட்டிக்கொண்டு வெடி போட்டு மோதுகிற ஊர் இது. அந்த ஒரு மாதம் மாமியாரும் மருமகளும்கூட வேறு வேறு தெரு என்றால் பேசிக்கொள்ளமாட்டார்கள். அவன் அவள் வாசலில் வந்து நின்றதே பெரிய விஷயம்.

"ஆட்டுக்காரிகிட்ட வந்து நிக்கிறேன், எங்க தெருவுல தெரிஞ்சா ரதத்துல வச்சு எரிச்சுடுவாங்க" என்று தொடங்கினான். சிரிப்பு வரவில்லை. பிறகு சொன்னான்: "கண்ணு போனா போகட்டும் நொராய்தா. நாற்காலி போகக்கூடாது. அதுல இருந்து எறங்கினா நான் யாருன்னு எனக்கே தெரியாது."

அவனிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அது தனக்குள் ஏற்றிவைத்த எழுத்தை வாசித்து ஒரு காதில் சொன்னால் போதும், அரை வாக்கியம் பின்னால் தொடர்ந்து அவன் உரக்கச் சொல்லிவிடுவான். அப்படி வாசிக்கிற புரோகிராம் இருக்கிறது, இலவசம்தான். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. சிக்கல் என்னவென்றால், அவ்வளவு பழைய இயந்திரங்களுக்குத் தயாராகச் செய்து தருவதை நிறுத்திவிட்டார்கள். இதை அர்செனியோவுக்கு நொராய்தா விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. "கடைய மூடிட்டாங்க. ஆனா செய்முறைய ஜன்னல்ல ஒட்டிட்டுப் போயிருக்காங்க. நாமளே சமைச்சுக்க வேண்டியதுதான்."

சமைப்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. எதற்கு எது வேண்டும் என்ற பட்டியல் அதனிடம் உண்டு. செய்முறை எழுதிய மூலத்தை எடுத்து, வரிசைப்படி துண்டு துண்டாகக் கட்டிக் கொடுக்கும். முதலில் அந்தக் கருவியையே நிறுவ வேண்டும். அதற்கே இரண்டு வாரம் ஆனது. கருவி ஒரு நூலகம், அதாவது யாரோ எழுதிவைத்த உதவி நிரல்களின் தொகுப்பு, வேண்டும் என்றது. நூலகம் இன்னொரு கருவி வேண்டும் என்றது. அந்தக் கருவியோ, முதல் கருவி இருந்தால்தான் வருவேன் என்றது. வேறு யாராக இருந்தாலும் மானிட்டரை எடுத்துத் தெருவில் எறிந்திருப்பார்கள். நொராய்தாவுக்கு முகம் மலர்ந்தது. கல்யாணச் சான்றிதழுக்குப் பிறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழுக்கு அப்பாவின் கல்யாணச் சான்றிதழ் என்று பத்தொன்பது வருஷம் ஆட்களை ஓட விட்டவள் அல்லவா. எந்தக் காகிதத்தைப் பிறகு தருகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு முதல் காகிதத்தில் முத்திரை குத்தலாம் என்பது அவளுக்கு அத்துப்படி. கருவியின் சுற்றையும் அப்படித்தான் அவிழ்த்தாள். வேண்டிய மூலங்களையெல்லாம் இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் இறக்கி ஒரு கோப்புறையில் போட்டாள். கருவியோ ஒவ்வொரு தடவையும் இணையத்தைத் தேடிப் போய் வெறுங்கையோடு நின்றது. "வெளிய போகாதீங்க, எல்லாம் வீட்டுலயே இருக்கு" என்று அதன் பட்டியலில் திருத்தி எழுதினாள்.

இந்தக் கருவியின் மூளை முழுக்கத் தேதியில் இருக்கிறது. ஒரு துண்டைச் செய்வதற்கு முன் அதன் மூலம் எந்தத் தேதி, ஏற்கெனவே செய்து வைத்த துண்டு எந்தத் தேதி என்று ஒப்பிட்டுப் பார்க்கும். செய்த துண்டு மூலத்தைவிடப் புதிது என்றால் முடிந்த வேலை என்று தாண்டிப் போகும். பழசு என்றால் மறுபடி முதலிலிருந்து செய்யும். இன்னைக்கு வாங்கின மீனில் நேற்றே சூப் வைத்திருக்க முடியுமா என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான். ஆனால் இருபது மணி நேரம் போய் நாலு மணி நேரம் வருகிற கரண்டில், அதுவும் மின்தடை அட்டவணை போடுகிறவர் மனசு வைத்தால் வருகிற கரண்டில், இரண்டு நாள் வேலையை மூன்று தவணையாகச் செய்கிறவளுக்குத் தேதிதான் உயிர். அதனால்தான் மொதல்ல தேதி, அப்புறம் வேலை. இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். கரண்ட் போன நிமிஷத்தில் செய்துகொண்டிருந்த துண்டு அரைவேக்காடாக நின்றிருக்கும், ஆனால் பார்க்க முழுசாக இருக்கும். ஆகவே மறுபடி தொடங்குமுன் கடைசித் துண்டை அழித்துவிடுவாள். "கடைசியாப் பொறந்தத மட்டும் நம்பாதீங்க" என்பாள்.

ஓட்டு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. செவ்வாய் மாலைக்குள் முதல் தவணை முடிந்திருந்தது. இன்னும் ஏழு மணி நேர வேலை. புதன் நாலு மணி நேரம், வியாழன் நாலு மணி நேரம் கரண்ட். ஏழு போனால் ஒரு மணி நேரம் மிச்சம். விரலை விட்டு எண்ணி, பரவாயில்லை என்று பெருமூச்சு விட்டாள்.

புதன்கிழமை ரொட்டி வரிசையோடு எண்ணெய் வரிசையும் சேர்ந்துகொண்டது. ஒன்பது மணிக்கு வந்த கரண்ட் அவளைத் தெருவில் பிடித்தது. வரிசையை விட்டு வந்தால் ஒரு மாதத்துக்கு எண்ணெய் கிடையாது. வர முடியாத கோபத்தோடு நின்று, பன்னிரண்டரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். பார்த்தால் திரையில் வரிகள் மளமளவென்று ஓடுகின்றன.

கூடத்தின் காவலர் பசீலியோ வாசலில் நின்று சிரித்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், முழங்கால் போனதால் காவல் நாற்காலிக்கு வந்தவர். "பதிவாளரம்மா, நேரம் வீணாப் போகக்கூடாதுன்னு நானே போட்டுவிட்டேன். நீங்க தட்டுற அதே வார்த்தை, எழுத்து பிசகாம. நூறு தடவை பார்த்திருக்கேன்ல."

"தேதி?"

பசீலியோவுக்கு விளங்கவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்திருக்கிறார். எல்லாரும் மணி பார்ப்பது போல இவளும் பார்க்கிறாள் என்று நினைத்திருக்கிறார். அதுவும் வேலையில் சேர்த்தி என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நொராய்தா திரையின் மூலையைப் பார்த்தாள். 2009 ஜனவரி ஒன்று. மூன்றரை மணி நேரம் செய்த அத்தனை துண்டுகளும் மூலத்தைவிடப் பதினாலு பதினைந்து வருஷம் முந்திப் பிறந்துவிட்டன. அடுத்த முறை கருவி அவற்றையெல்லாம் பழசு என்று ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யும். ஏழு மணி நேரம் ஏழாகவே நிற்கிறது. கையில் இருப்பது நாலு.

அவள் கத்துகிறவள் அல்ல. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யாரு கேட்டா உங்கள?" என்றாள் மெதுவாக. "உங்க வேலை கதவு. கதவை மட்டும் பாருங்க."

பசீலியோ நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நிறுத்தாமல் விட்ட வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மணிக்குக் கரண்ட் போனது. நல்லது செய்யப் போய்ப் பொல்லாப்புத் தேடிக்கொண்ட மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க விருப்பமில்லாமல் நொராய்தா பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனாள். அவளுக்கு அழுகை வந்தது. பாதி அர்செனியோவுக்காக. மீதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும்.

மாலையில் அர்செனியோ வந்து, முடிந்துவிடுமா என்று கேட்டான். தெரியல என்றாள். அவன் போன பிறகு மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குப் பழைய ஜன்னல் ஞாபகம் வந்தது. பிறந்த வருஷம் தப்பாக எழுதப்பட்ட ஒரு பெண் வருவாள். முப்பது வயதுக்காரி, காகிதத்தில் எண்பது. திருத்த எட்டு மாதம், ஏழு முத்திரை. ஒவ்வொரு முறையும் அவள் ஒரே வாக்கியம்தான் சொல்வாள்: நான் பொறந்தது பொய்யில்லையே அம்மா, நீங்க எழுதினதுதானே தப்பு. நொராய்தா கத்தியைக் கீழே வைத்தாள். அந்தத் துண்டுகளும் ஒழுங்காகத்தான் பிறந்திருக்கின்றன. தப்பு பதிவேட்டில்தான்.

ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்தது. கம்ப்யூட்டரிடம் தேதி விஷயத்தில் பொய் சொல்லக்கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள். ஆனால் பொய்யைத் திருத்துவது பொய்யாகுமா? ஆகாது என்று முடிவு செய்து கிழங்கை அடுப்பில் ஏற்றினாள்.

வியாழன் பத்து மணி. "வந்திருச்சு!" பொத்தான், கடிகாரம், தேதி. பிறகு, 2009 ஜனவரி ஒன்றில் பிறந்தவர்களெல்லாம் முன்னால் வரவும் என்று கேட்டாள். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். ஒரே நாள், ஒரே காலை. "இந்த ஊர்ல பத்தொன்பது வருஷத்துல நான் இவ்வளவு பிரசவம் எழுதினதில்ல" என்று முணுமுணுத்தாள். அவர்களில் ஆகக் கடைசியில் பிறந்தவனைத் தேடி, கரண்ட் போன நிமிஷத்துக்காரன் என்று உறுதி செய்து, அழித்தாள். மிச்சம் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு. முதலில் சின்னத் துண்டுகளுக்கு, பிறகு அவற்றைச் சேர்த்துக் கட்டிய பெரியவற்றுக்கு, முறை மாறாமல், இன்றைய தேதி கொடுத்தாள். எட்டு மாதமும் ஏழு முத்திரையும் வேண்டிய காரியம் ஒன்பது நிமிஷத்தில் முடிந்தது.

இனி கருவி நம்ப வேண்டும். வழக்கமான வார்த்தையைத் தட்டினாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கருவி முதல் துண்டைப் பார்த்தது, தாண்டியது. இரண்டாவதைப் பார்த்தது, தாண்டியது. ஆயிரத்துச் சொச்சத்தையும் தாண்டி, அழித்த இடத்தில் வந்து நின்று வேலையைத் தொடங்கியது. "அடுத்தவர்" என்றாள் நொராய்தா.

ஒன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. கரண்ட் போக இன்னும் கால் மணி இருந்தது. மெமரி ஸ்டிக்கில் அள்ளி அர்செனியோவின் மடிக்கணினிக்கு மாற்றினாள். அதன் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், வாசிக்க அது போதும். வந்து காத்திருந்த அவன் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டான். உதடு அசையத் தொடங்கியது. பிறகு சொன்னான்: "மூக்கடைச்ச வக்கீல் மாதிரி பேசறான். இவன் என் காதுக்குள்ள குடியிருக்கப் போறானா?" சொல்லிவிட்டு அவள் கை எங்கே என்று தடவிப் பிடித்து, விடவில்லை.

வெள்ளிக்கிழமை போட்டிக்காரி முதலில் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள், அதை மறைப்பானேன். அடுத்து அர்செனியோ ஏறினான். பத்திரிகைச் செய்தியை இலேசாக முடித்தான். நாவலில் புகுந்ததும், காதிலிருந்த வக்கீல் சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டே போய், "அவள் கதவைத் திறந்தாள், அங்கே நின்றது பக்கம் நாற்பத்திரண்டு" என்றான். பட்டறை சிரித்தது. நொராய்தா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அர்செனியோ தலையை நிமிர்த்தி, "சிரிக்காதீங்க. நாற்பத்தோராம் பக்கத்துல இருந்து அவளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறான் பாவம்" என்று சொல்லிவிட்டு, நாயகனின் குரலுக்கு இறங்கினான். அதற்குப் பிறகு இலை கிழிக்கிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. முடித்தபோது முன்வரிசைக்காரி, புத்தகம் தலைகீழாக இருந்ததைக் கண்டுபிடித்த அதே பெண், இலை வெட்டும் கத்தியை எடுத்துப் பலகையில் தட்டினாள், பட்டறையில் கைதட்டல் அதுதான். பக்கத்தில் ஒருத்தர் தட்டினார். பிறகு பட்டறை முழுக்கக் கத்திகள் தட்டின. கை தூக்கச் சொல்லி எண்ணியபோது அர்செனியோவுக்கு அறுபத்தொன்று, போட்டிக்காரிக்குப் பதினெட்டு.

நொராய்தா பதினொரு மணிக்குக் கூடத்துக்குத் திரும்பினாள். பசீலியோ கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அவர் உள்ளே ஒரு எட்டு வைக்கவில்லை. காப்பி வைத்தால் வாசலிலேயே வாங்கிக் குடித்தார்.

"அறுபத்தொண்ணு" என்றாள்.

"கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

கண் தெரியாத இன்னும் இரண்டு பேர் காலையிலேயே ஆள் அனுப்பியிருந்தார்கள், எங்களுக்கும் அந்தக் குரல் வேண்டும் என்று. அவர்களுடையது வேறு வகை இயந்திரம், வேலை மறுபடி முதலிலிருந்து. அதை அவரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், திரும்பவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் குறைவு.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கத்தினார்கள். "வந்திருச்சு!" உள்ளே ஃபேன் சுற்றத் தொடங்கியது. பசீலியோ அசையவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நொராய்தா மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினாள். சாவியை நாலு சுற்று சுற்றினாள். அதை அவர் மடியில் வைத்தாள். ஆணியில் தொங்கிய ரொட்டிப் பையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.